சில்லு நிற்கக்கூடாது

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை நித்திரை கொள்வதில்லை. அதனால் என்னால் வேறு கதை எழுத முடியவில்லை. எழுத நினைத்தது ஒரு காதல் கதை.

இந்தக் கதையின் தொடக்கம்: ‘1993. இணுவிலில் மின்சாரம் நின்று மூன்று வருடமான ஒரு மாலையில், பஞ்சலிங்கம்...’

(விட்டுவிட்டேன். மின்சாரம் இல்லை என்பதை இங்கே யாருக்குப் புதிதாகச் சொல்லப்போகிறேன்?)

2

பக்கத்து வீட்டில் பஞ்சலிங்கம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் போகும். பெடலைக் கையால் சுற்றினால் சில்லு சுழலும், றேடியோ பாடும். போர்த்தடையால் பற்றறி கிடைக்காத ஊரில் வேறு என்ன வழி? பாட்டுக் கேட்டால் மூன்று வயது மகள் மீனாம்பிகை நித்திரையாவாள் என்பது அவர் கொள்கை. (அவருக்குச் செய்தி கேட்கும் பைத்தியம் உண்டு என்பதை ஆசிரியர் இந்த இடத்தில் மறைத்துவைக்க வேண்டும். சொல்லிவிட்டேன்.)

பிள்ளை நித்திரையாவாள்தான். கை சோர்ந்து சில்லு நின்றதும் துள்ளி எழும்பி, “அப்பா, சுத்துங்கோ!” என்று அலறுவாள். மறுநாள் சோற்றுத் தட்டில் முகம் விழ உறங்குவாள். பிள்ளை மெலிந்துகொண்டே போனாள்.

“உந்த றேடியோதான் பிள்ளையைக் கெடுக்குது. நிப்பாட்டுங்கோ,” என்றாள் தாய் குணலட்சுமி.

“நிப்பாட்டினால்தானே எழும்புறாள்! என்ன கதை கதைக்கிறீர்?”

3

முதல் பிரதியில் குணலட்சுமியை அழவைத்தேன். பொருந்தவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை. வயரைப் பிடுங்குகிற ஆள். பிடுங்கினாள்.

றேடியோ வாயை மூடியது. பஞ்சலிங்கத்தின் கை மட்டும் பழக்கதோஷத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கர்ர்ர் என்ற சில்லுச் சத்தத்திலேயே பிள்ளை நித்திரையாகிவிட்டாள்.

“பாத்தியளே? பாட்டும் வேண்டாம், செய்தியும் வேண்டாம்.”

“ஓம்,” என்று வெற்றிகரமாகத் தோற்றுப்போய்க் கையை எடுத்தார்.

“அப்பா, சுத்துங்கோ!”

4

முடிவு அ: நாளுக்கு நாள் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பழக்கத்தை மறக்கடிக்கிறார்கள். (சுகாதாரக் கட்டுரைக்குப் பொருந்தும்.)

முடிவு ஆ: வல்வெட்டித்துறையில் வள்ளத்தில் பற்றறி வந்திறங்க, றேடியோ ஓயாமல் பாட, ஊரே...

இதை எழுதும்போது வேலிக்கு மேலால் குணலட்சுமியின் தலை தெரிந்தது.

“அண்ணை, உங்களுக்குக் கை சும்மாதானே இருக்குது? இவருக்கும் எனக்கும் கை விட்டுப்போச்சு. கொஞ்சம் வந்து சுத்துங்கோவன்.”

எழுதுகிறவனின் கையைப் பற்றி ஊர் நினைப்பது இவ்வளவுதான். போனேன்.

5

இப்போது இடது கை பெடலில், வலது கை தாளில். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கண் அரைவாசி மூடியிருக்கிறது.

ஒரு சோதனைக்காக ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். வடக்கே எங்கோ ஷெல் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் பெரியவர்கள் அதைக் கேட்காமலிருக்கப் பழகிவிட்டோம். பிள்ளை பழகவில்லை; கண்ணைத் திறந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது பாட்டல்ல, அதை மறைக்கும் ஒரு சத்தம். உடனே சுற்றத் தொடங்கினேன்.

இனி இந்தக் கதையை எப்படி முடிப்பது? முற்றுப்புள்ளி வைத்தால் சில்லு நின்றுவிடும். என் கையும் சோர்கிறது. வாசகரே, கிட்ட வாருங்கள். சத்தம் போடாமல் பெடலைப் பிடியுங்கள். பிடித்துவிட்டீர்களா? நான் கையை எடுக்கிறேன், நீங்கள் சுற்றுங்கள், இன்னும் கொஞ்சம், அவள் கண் மூடுகிறது, சுற்றுங்கள்