ஒருசந்தி முடிந்த ஞாயிறு

வாசலில் மொபெட் சத்தம் கேட்டதும் ரோஸ்லின் கையிலிருந்த எவர்சில்வர் தட்டு நழுவி விழுந்தது. சமையலறை முழுக்க அதன் சத்தம் உருண்டது.

"பெரியப்பா வந்துட்டாரு. கறியை இறக்கு" என்றபடி அம்மா சகாயம்மாள் குனிந்து தட்டை எடுத்தாள்.

ஈஸ்டர் ஞாயிறு. அப்பா இறந்த பிறகும் அவருடைய அண்ணன் அடைக்கலசாமிக்கு அன்று பகல் சாப்பாடு இந்த வீட்டில்தான்.

தவக்காலம் முழுக்க ரோஸ்லின் ஒருசந்தி இருந்ததை ஊரே மெச்சியது. ஒரு வேளைதான் சாப்பாடு. தஞ்சாவூரில் டீச்சர் வேலை பார்த்தும் பக்தி குறையவில்லை என்று கோயிலில் ஆளாளுக்குப் பேசினார்கள். அந்த ஒரு வேளையையும் அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தது யாருக்கும் தெரியாது. ஒருசந்தி அவளுக்கு வேண்டுதல் அல்ல, வசதி. மற்ற மாதங்களில்தான் சாப்பிடாமலிருக்கக் காரணம் தேட வேண்டும்.

போன வாரம் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. இப்படியே போனால் இதயம் தாங்காது என்றார். சின்ன வயதில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்றும் கேட்டார். ரோஸ்லின் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தில் பெரியப்பா, ரோஸ்லினின் எட்டு வயது மகள் லின்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கறித்துண்டாகப் பொறுக்கி அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

சகாயம்மாளுக்கு அதைப் பார்க்கப் பூரிப்பு. லீவு விட்டதும் பிள்ளையை இங்கேயே விட்டுவிடச் சொன்னாள். தான் பருத்தி எடுக்கப் போனாலும் கவலையில்லை, மத்தியானம் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளும். பெரியம்மா போன பிறகு அவருக்கும் பேச்சுத்துணை வேண்டாமா?

"நடவு நேரத்துல உன்னை அங்கதானே விட்டுட்டுப் போவேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடமாட்டாரு. நீதான் இப்பக் கோழி கணக்கா கொறிக்கிற."

ரோஸ்லின் கூடத்துக்குப் போய் லின்சியின் எச்சில் கையைப் பிடித்து எழுப்பினாள். என்னம்மா இது, பிள்ளை சாப்பிடட்டும் என்று பெரியப்பா சிரித்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் மகளைக் கொல்லைக் குழாய்க்கு அனுப்பிவிட்டு, சமையலறைக் கதவருகே நின்றாள்.

பின்னாலேயே வந்த சகாயம்மாள் சீறினாள். "பாதிச் சாப்பாட்டுல புள்ளையை எழுப்புவியாடி? பெரிய மனுசன் என்ன நெனைப்பாரு?"

ரோஸ்லின் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தட்டு காலியானதும் அவரு கதவைச் சாத்திடுவாரும்மா. அதுக்குப் பயந்துதான் நான் ஒவ்வொரு பருக்கையாத் தின்னேன்."