சொல்லுங்கக்காவின் புதன்கிழமை

போர்வை கேட்டு வந்த நாத்தனார், கேட்காமலே அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்ளே அண்ணி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே அண்ணனுடைய குளிர்கோட்டு, இரண்டு பக்கமும் தொங்கும் துணிகள், முதுகுக்குப் பின்னால் போர்வை, முகத்துக்கு நேரே ஒரு மைக், மடியில் கணினி.

"என்ன அண்ணி, அண்ணன்கூட சண்டையா?"

"பதிவு போயிட்டிருக்கு. கதவைச் சாத்து."

"போர்வை?"

"இதை உருவினா எதிரொலி வரும். கட்டில் மேல இன்னொண்ணு இருக்கு, எடுத்துக்கோ."

நாத்தனார் கதவைச் சாத்தவில்லை. கீழ்வீட்டில் இருக்கிறவள், நல்லவள், ஆனால் வாய் மட்டும் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். "மாசம் முடிய இன்னும் பன்னண்டு நாள்தான். ஒண்ணாம் தேதி காலைல ஒம்பது மணிக்கு என் துணிக்கடையில பில் போடுற நாற்காலியில உக்கார்றேன்னு வாக்கு கொடுத்தது ஞாபகம் இருக்கில்ல?"

"குரல் வேலை ஒண்ணுகூடக் கிடைக்கலன்னா வர்றேன்னு சொன்னேன்."

"கிடைச்சிருச்சா?"

அண்ணி கதவை உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டாள்.

மின்சார நிறுவனத்தின் புகார்த் தொலைபேசியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் அவள். 'கரண்ட் இல்லை' என்று கத்துகிறவர்கள், அழுகிறவர்கள், பக்கத்து வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறதே என்று வயிறெரிகிறவர்கள் எல்லாருக்கும் அவளிடமிருந்து முதலில் வருவது ஒரே சொல்தான்: "சொல்லுங்க." அதனால் அலுவலகத்தில் அவளுக்குச் சொல்லுங்கக்கா என்றே பெயர் விழுந்தது. வீட்டில் கணவர் கூப்பிட்டாலும் அவள் வாயில் அதுதான் முதலில் வரும்.

போன வருடம் நிறுவனம் தொலைபேசிகளை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வழியனுப்பி வைத்தார்கள். நேரம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்குக் கடிகாரம்.

ஒரு நாள் மாலை வீட்டில் மின்சாரம் போனது. பழைய அலுவலகத்துக்கே ஃபோன் போட்டாள். இயந்திரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை ஒப்பித்தது. ஐந்தாவது வருவதற்குள் முதலாவது மறந்துபோனது. மறுபடி போட்டாள், மறுபடி மறந்தது. பதினான்கு வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்தவளால் அந்த இடத்துக்குள் நுழைய முடியவில்லை. இருட்டில் உட்கார்ந்தபடி கணவரிடம் சொன்னாள்: "மெஷின்தான் பேசணும்னா பேசட்டுங்க. அதுக்கும் யாரோ ஒருத்தர் குரல்தானே கொடுக்கணும். அது ஏன் நானா இருக்கக் கூடாது?"

பேருந்து ஓட்டுநரான கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மறுநாளே பழைய மைக் ஒன்றை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார்.

அதன் பிறகு அவள் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. கஞ்சி போட்ட சட்டை பக்கத்தில் தொங்கினால் அது உரசுவதும் பதிவாகும். பசியோடு உட்கார்ந்தால் வயிறும் சேர்ந்து வசனம் பேசும். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டும் சத்தம் போக, பதிவுக்கு முன்னால் ஆப்பிள் கடிக்க வேண்டும். இப்படியாக முப்பத்தோரு மாதிரிக் குரல்களை அனுப்பினாள். இரண்டே பதில்கள் வந்தன. முதலாவது, 'நன்றி.' இரண்டாவது ஒரு விளம்பரக்காரரிடமிருந்து: 'குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் யாரோ பதில் சொல்லட்டும் என்று நிற்கிறீர்கள். சோப்பு விளம்பரத்தில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.'

அந்த இடைவெளியை ஒழிக்க அவளும் தலைகீழாக நின்று பார்த்தாள். வேகமாகப் படித்தால் அது அவள் குரலாகவே இல்லை. யாரோ துரத்துகிற மாதிரி இருந்தது.

நாத்தனார் அலமாரியைத் திறந்த இரண்டாம் நாள், அவள் மாதிரி அனுப்பியிருந்த ஒரு ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது.

"பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு ஃபோன்ல வழிகாட்டுற குரல் வேணுமாம். மூணு பேரைப் பதிவு பண்ணி ஆளுக்கு ஒரு நாள் லைன்ல விட்டுப் பாக்கப் போறாங்க. ரெண்டு பேர் முடிவாயாச்சு. மூணாவது ஆளுக்குக் காய்ச்சல். நாளைக்குப் பத்து மணிக்கு வர முடியுமா?"

"மத்த ரெண்டு பேர் யாருங்க?"

"ஒருத்தர் ரேடியோக்காரர். இன்னொருத்தர் தேன்குரல்."

பற்பசையிலிருந்து வங்கி வரை ஊரில் எதை விற்றாலும் தேன்குரல்தான் விற்பாள். பேருந்து நிலையத்தில் வரிசையில் நிற்கச் சொல்வதும் அவள் குரல்தான். ஜனங்கள் ஆசையாக நிற்பார்கள்.

"வர்றேன்," என்றாள்.

கூடத்தின் சுவரெல்லாம் முட்டை அட்டை போலக் குழிகுழியான பஞ்சு. நடுவில் மைக், காகிதம் வைக்க ஒரு தாங்கி, அதில் நூல் கட்டிய பென்சில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். அவரைத் தொழிலில் எல்லாரும் கத்தரி என்பார்கள். பதிவில் மூச்சு, இடைவெளி, இருமல் எது கண்ணில் பட்டாலும் கை தானாகப் போய் வெட்டிவிடும். அவருக்குப் பின்னால் மருத்துவமனையின் மேலாளரம்மா, மடியில் கோப்போடு இருந்தார்.

"நாப்பத்தஞ்சு செகண்ட்தான் கணக்கு," என்றார் கத்தரி ஒலிபெருக்கியில். "தேன்குரல் நேத்து நாப்பத்தி நாலுல முடிச்சிட்டு, டீகூடக் குடிக்காம போயிட்டாங்க."

காகிதத்தைப் பார்த்தாள். 'எண் ஒன்றை அழுத்தவும், முன்பதிவுக்கு. எண் இரண்டை அழுத்தவும், ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்கு.' இப்படியே ஆறு வரை. எதுவும் புரியாவிட்டால் பூஜ்யம், அது நேராக வரவேற்பு மேஜைக்குப் போகும்.

இருட்டில் ஃபோனோடு உட்கார்ந்த அந்த மாலை அவளுக்கு அப்படியே திரும்பி வந்தது.

"ஒரு விஷயம் சொல்லலாங்களா?"

"பேப்பர்ல இருக்கறதைப் படிச்சாப் போதும்மா," என்றார் கத்தரி.

"இருங்க, அவங்க சொல்லட்டும்," என்றார் மேலாளரம்மா.

"இந்த வரிசை தலைகீழா இருக்குங்க. ஃபோன் பண்றவங்க முதல்ல தேடுறது அவங்க விஷயத்தை. அது வர்றதுக்கு முன்னாடியே எண்ணைச் சொன்னா காதுல தங்காது. விஷயம் வந்ததும், 'எண் என்ன சொன்னாங்க'ன்னு முழிப்பாங்க. யாரு எழுதினாங்களோ, அவங்க ஒரு தடவைகூட இந்த மாதிரி லைன்ல காத்திருந்து பாத்ததில்ல."

ஒலிபெருக்கியில் கோப்பு மூடும் சத்தம் கேட்டது.

"எழுதினது நான்தான்," என்றார் மேலாளரம்மா.

கத்தரி நாற்காலியோடு அரையடி பின்னால் நகர்ந்தார். சொல்லுங்கக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இதற்கு ஆப்பிள் உதவாது.

மேலாளரம்மா காகிதத்தை இன்னொரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்தார். "நீங்க சொல்ற மாதிரியே மாத்திப் படிங்க. பாப்போம்."

பென்சிலால் அம்புக்குறி போட்டு வரிசையை மாற்றிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ரத்தப் பரிசோதனை முடிவு தெரியணுமா? எண் இரண்டை அழுத்துங்க."

முன்பதிவு வரிக்குப் பிறகு நின்றது போலவே இங்கேயும் வழக்கம்போல நின்றாள். இந்தத் தடவை அந்த இடைவெளியில் அவளுக்கு ஒரு ஆள் தெரிந்தார். காதிலிருந்து ஃபோனை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டி, இரண்டு எங்கே என்று விரலால் தடவுகிறார். அவர் அழுத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். ஒரே தடவையில் முடிந்தது.

வெளியே வந்து கேட்டபோது பதிவு நாற்பத்தாறு செகண்டில் ஓடி முடிந்தது. இடைவெளி ஒன்றுகூட இல்லை.

"நடுவுல விட்டேனே, அதெல்லாம் எங்கங்க?"

"வெறும் காத்துதானேம்மா. சுத்தம் பண்ணிட்டேன்."

யாரிடமும் எதையும் மறுத்துப் பழக்கம் இல்லாதவள் அவள். ஆனால் அன்றைக்கு மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அது காத்து இல்லீங்க. எண்ணை அழுத்தணும்னா ஃபோனைக் காதுலேர்ந்து எடுக்கணும். அந்த நேரம் நான் பேசினா யாருக்கும் கேக்காது. திரும்பக் காதுல வைக்கும்போது பாதி போயிருக்கும். எல்லாத்தையும் திருப்பி வச்சிருங்க."

"ஒரு நிமிஷம் பத்து செகண்ட் ஆகும். இப்படிக் கொடுத்தா எம்மேலதான் பழி விழும்."

"எம்மேலன்னு எழுதிக்கோங்க."

கத்தரி மேலாளரம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைக்க, பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுப்பவர் போல வெட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினார்.

அடுத்த திங்கள்கிழமை ரேடியோக்காரர் குரல் லைனில் வந்தது. செவ்வாய்க்கிழமை தேன்குரல். புதன்கிழமை இவள். கணக்கு எளிது: வழி தெரியாமல் பூஜ்யத்தை அழுத்தியவர்களும், எதையும் அழுத்தாமல் வைத்தவர்களும் யாருடைய நாளில் குறைவோ, வேலை அவருக்கு.

புதன்கிழமை போனது. வியாழக்கிழமை பதினொரு மணி வரை தகவல் இல்லை. பொறுக்க முடியாமல் அவளே அந்த எண்ணுக்கு ஃபோன் போட்டாள்.

"ரத்தப் பரிசோதனை முடிவு தெரியணுமா? எண் இரண்டை அழுத்துங்க," என்றது தேன்குரல்.

அவள் மாற்றிக் கொடுத்த வரிசை, அவள் சொல்லிக்கொடுத்த சொற்கள், வேறொருத்தி வாயில்.

செய்தி கேட்டு நாத்தனார் மாடிப்படி அதிர ஏறி வந்தாள். ஒன்றாம் தேதிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவள், மூக்கு சிவந்து நின்றாள். "உழுதது ஒருத்தி, அறுத்தது இன்னொருத்தியா? நான் போய் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேக்கறேன் அண்ணி. எனக்கு மைக்கெல்லாம் வேண்டாம்."

"உனக்கு மைக் கொடுத்தா உள்ள இருக்கற நோயாளி எல்லாம் எழுந்து ஓடிருவாங்க. உக்காரு."

அவளை உட்கார வைத்துவிட்டு, இன்னும் இரண்டு தடவை அந்தக் குரலைக் கேட்டாள். இனிப்புக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டை அழுத்தலாமா என்று யோசிப்பதற்குள் நான்குக்குப் போய்விட்டது. கேட்டு முடித்ததும் மேலாளரம்மாவுக்கே ஃபோன் போட்டாள்.

"வரிசையை எடுத்துக்கிட்டீங்க, சரிங்க. நோயாளிக்கு நல்லதுன்னா இருக்கட்டும். ஆனா வரிசை மட்டும் போதாது. நிக்க வேண்டிய இடத்துல நிக்கணும். உங்க ஆளுக்கு அதையும் சொல்லிக் கொடுங்க. நான் வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"நாளைக்குப் பேசறேன்," என்று அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கணவர் வேலைக்குக் கிளம்பும் நேரம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்க நாத்தனாரும் மாடிக்கு வந்திருந்தாள். ஃபோன் அடித்தது.

"ஒரு நம்பர் படிக்கறேன், யாருதுன்னு தெரியுதா பாருங்க," என்றார் மேலாளரம்மா. படித்தார். "புதன்கிழமை இந்த நம்பர்லேர்ந்து பதினாலு தடவை ஃபோன் வந்திருக்கு. முழுசாக் கேட்டுட்டு, எதையும் அழுத்தாம வச்சிட்டாங்க. பதினாலும் உங்க கணக்குலதான் தப்பா விழுந்திருக்கு."

அவள் மெதுவாகத் திரும்பினாள். கணவர் ஐந்தாவது பொத்தானை நான்காவது ஓட்டையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"ஒவ்வொரு டிரிப் முடிஞ்சதும் ஒரு தடவை," என்றார் அவர். "கண்டக்டருக்கும் போட்டுக் காட்டினேன்."

"ஏதாவது ஒண்ணையாவது அழுத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எனக்கு என்ன நோய் இருக்கு, அழுத்துறதுக்கு?"

மறுமுனையில் மேலாளரம்மா சிரிப்பது கேட்டது. "வீட்டுக்காரரைத் திட்டாதீங்க. முழுக் கதையும் கேளுங்க. ஒரு நாளைக்கு எங்களுக்கு முன்னூறு ஃபோன் வருது. ரேடியோக்காரர் அன்னிக்கு நூத்து நாப்பது பேர் வழி தவறினாங்க. தேன்குரல் அன்னிக்கு நூத்து இருபத்தொண்ணு. உங்க நாள்ல நாப்பத்தொண்ணு. உங்க வீட்டுக்காரரோட பதினாலையும் சேத்துத்தான்."

கணவரும் நாத்தனாரும் காதை நீட்டிக்கொண்டு நெருங்கி வந்தார்கள்.

"எங்க பெரிய டாக்டர் நம்பல. வரிசை மாறினதாலதான் ஜெயிச்சாங்க, குரல்ல என்ன இருக்குன்னாரு. அதனால உங்க வரிசையைத் தேன்குரலுக்கே கொடுத்து, புதன்கிழமை ராத்திரியே பதிவு பண்ணி, நேத்து ஒரு நாள் ஓட்டிப் பாத்தோம். அதைத்தான் நீங்க கேட்டிருக்கீங்க. எழுபத்தொன்பது. நீங்க ஃபோன்ல சொன்னீங்களே, நிக்க வேண்டிய இடத்துல நிக்கணும்னு, அதை அவரும் பக்கத்துலதான் இருந்து கேட்டாரு. இன்னிக்குக் காலைல கணக்கைப் பாத்துட்டு அவரே கையெழுத்துப் போட்டுட்டாரு. ஃபோன் மட்டுமில்ல, லிஃப்ட், டோக்கன் கூப்பிடறது, எங்க மத்த நாலு ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் உங்க குரல்தான். ஒண்ணாம் தேதி ஒம்பது மணிக்குப் பதிவு. வர முடியுமில்ல?"

"வர்றேங்க," என்றாள். குரல் உடையவில்லை. தொழில்காரி ஆகிவிட்டாள்.

ஃபோனை வைத்ததும் கணவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ பெரிய மனிதரைச் சந்தித்தவர் மாதிரி. சட்டை இன்னும் கோணலாகத்தான் இருந்தது.

"ஒண்ணாம் தேதி ஒம்பது மணியா?" என்றாள் நாத்தனார். "அது என் கடை நேரமாச்சே."

"உன் கடைக்கு வேற ஆள் பாரு."

"பாத்துக்கறேன். ஆனா என் கடை ஃபோனுக்கும் நீங்கதான் பேசிக் கொடுக்கணும். சொந்தக்காரின்னு இழுத்தடிக்கக் கூடாது."

"வரிசையில வா. முன்னாடி அஞ்சு ஆஸ்பத்திரி நிக்குது."

நாத்தனார் சன்னலைத் திறந்து, எதிர்வீட்டுக்காரிக்குச் செய்தியைச் சொன்னாள். சொன்னது எதிர்வீட்டுக்காரிக்குத்தான் என்றாலும், தெருமுனைக் கடைக்காரர் வரை வெளியே வந்து எட்டிப்பார்த்தார்.

ஒன்றாம் தேதி காலை ஒன்பதடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவள் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்தாள். தாங்கியில் பதினெட்டுப் பக்கம் காத்திருந்தது. மேல் ஓரத்தில் மேலாளரம்மாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'எது சரியில்லையோ மாற்றிக்கொள்ளவும்.' அவள் நின்றபடியே முதல் பக்கத்தில் நான்கு இடத்தில் அடித்து எழுதினாள். அவசரப்படுத்த யாரும் வாய் திறக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்தரி இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னாத்தான் இந்தக் கை இனிமே வெட்டும். எடுக்கலாங்களாம்மா?"

போன தடவை 'பேப்பர்ல இருக்கறதைப் படிச்சாப் போதும்' என்றவர், இந்தத் தடவை கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார். அவள் பென்சிலை வைத்தாள், தோளைத் தளர்த்தினாள், மைக்குக்கு ஒரு சாண் தள்ளித் தன் இடத்தில் நின்றாள்.

"எடுங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான்காவது தளம். குழந்தைகள் பிரிவு. வலது பக்கம் திரும்புங்க."