மூன்றாவது சரணத்தில் மீனாம்பாள்

என் கணவர் சேதுராமன் இதுவரை என்னை மூன்று பாட்டுகளில் கொன்றிருக்கிறார். எனக்கு ஜலதோஷம் பிடித்தபோது எழுதிய பாட்டில் விஷக்காய்ச்சலில் போனேன். விழுப்புரத்தில் நான் ரயிலைத் தவறவிட்டதை வைத்து எழுதினாரே, அதில் ரயில் என்னைத் தவறவிடவில்லை. ஒருமுறை சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்தேன். அந்தப் பாட்டில் படகு கவிழ்ந்துவிட்டது. வளைகுடாவில் நாங்கள் குடியிருக்கும் அஜ்மானிலிருந்து திருச்சிக்கு எந்தப் படகு போகிறது என்று கேட்டேன். "பாட்டுக்கு ஒரு ஆறு வேணும் நளினி" என்றார்.

அமெரிக்காவில் கென்டக்கிக்கு இரண்டு வருஷம் படிக்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அந்தப் பக்கத்து மலைச்சனங்களின் சங்கீதத்துக்கு புளூகிராஸ் என்று பெயர். பாஞ்சோ என்று ஒரு வாத்தியம், வட்டமாகத் தோல் கட்டி நீளக் கழுத்து வைத்திருக்கும். முதலில் சமையலறையில் தட்டு சரிந்த மாதிரி இருக்கும், ஒரு நிமிஷம் பொறுத்தால் நம் கால் தானாகத் தாளம் போடும். மெட்டு குதியாட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே வரிகளில் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மெட்டில் இவர் தமிழில் பாட்டுக் கட்டினார். பாடுவதற்கு முன்னால், இது யாருடைய வாழ்க்கையிலிருந்து வந்த பாட்டு என்று சபையில் பெயர் சொல்லிவிடுவார். அது மரபாம்.

"நிஜக் கதைன்னு சொல்லிட்டு ஆளையே சாகடிக்கிறீங்களே, நியாயமா?" என்று கேட்டேன்.

"ஆரம்பம் நிஜம். முடிவு மரபு" என்றார். இப்படிப்பட்ட மனுஷனோடு எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?

என்னைக் கொல்வதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். 2007 பொங்கலுக்கு, அவர் இன்ஜினியராக இருந்த கட்டிடக் கம்பெனியின் ஆட்கள் தங்கியிருந்த சார்ஜா தொழிலாளர் கேம்ப்பில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் விழா வைத்தார்கள். அதற்கு ஒரு புதுப்பாட்டு வேண்டுமென்று இவர் ராக்கப்பனைப் பிடித்தார். ராக்கப்பன் கமுதிப் பக்கத்து ஆள். காங்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் கார்பெண்டர், மூன்று வருஷமாக ஊருக்குப் போகாதவர். புறப்பட்ட அன்று என்ன நடந்தது என்று இவர் கேட்க, "பஸ் ஸ்டாண்டுல என் பொண்டாட்டி மீனாம்பா தேம்பித் தேம்பி அழுதா சார்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அது போதாதா?

விழாவில் பெயர் சொல்லி அறிவித்ததும் ராக்கப்பனுக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. முதல் சரணத்தில் மீனாம்பாள் அழுதாள். இரண்டாவதில் கடிதத்துக்குக் காத்திருந்தாள். மூன்றாவதில் ஆற்றில் இறங்கினாள், திரும்பி வரவில்லை. மெட்டு அப்படி இருந்ததால், அவள் முங்கிய இடத்தில்தான் கேம்ப் முழுக்க எழுந்து ஆடியது. ராக்கப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடினார். நானும் கை தட்டினேன், பொய் சொல்வானேன்.

ராக்கப்பன் ரூமில் இருந்த அதே ஊர்க்காரன் பாண்டித்துரை அதை மொபைலில் பதிவு செய்து, அடுத்த வாரம் லீவில் போனபோது ஊர் டீக்கடையில் போட்டுக் காட்டிவிட்டான். ஊருக்கே பாட்டு மனப்பாடம்.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை போன் போட்டும் மீனாம்பாள் எடுக்கவில்லை. நாலாவது வெள்ளிக்கிழமை காலையில் ராக்கப்பன் பஸ் பிடித்து அஜ்மானில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"பக்கத்து வீட்டுல சொல்லிவிட்டிருக்கா சார். செத்துப்போனவ எப்படிப் போன் எடுப்பான்னு கேக்குறாளாம்."

இவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ராக்கப்பன் அழுகிற குரலில், "எப்படியாச்சும் அவள உசுரோட கொண்டாந்துருங்க சார். வாரம் பூராம் டூட்டி பாக்குறதே அந்த வெள்ளிக்கிழமப் பேச்சுக்குத்தான். அது இல்லன்னா எனக்கு இங்க என்ன இருக்கு?" என்றார்.

"மூணாவது சரணத்த மாத்தினா பாட்டோட முதுகெலும்பே போயிடுமே ராக்கப்பன்" என்று என் வீட்டுக்காரர் முனகினார். நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

மூன்று தடவை செத்தவள் என்கிற தகுதியில் நானே நம்பரை வாங்கிப் போட்டேன். தெரியாத நம்பர் என்பதால் மீனாம்பாள் எடுத்துவிட்டாள். நான் யார் என்று சொன்னதும் படபடவென்று பொரிந்து தள்ளினாள்.

"ஏங்கம்மா, உங்க வீட்டுக்காரரு எங்கூரு குண்டாத்தப் பாத்துருக்காரா? அதுல ஏதும்மா தண்ணி? ஊத்துத் தோண்டிக் கொட்டாங்கச்சில மோந்துதான் குடிக்கிறோம். அதுல நான் எங்கிட்டு விழுந்து சாக? கருவ மரம் வெட்டி, செங்கச் சுமந்து, வீட்டுல ஒரு ரூம்பு எடுத்துக் கட்டியிருக்கேன். அதப் பாடுனீகளா? கடுதாசிக்கு ஏங்கி ஆத்துல விழுந்தேனாம்! ஊருல சின்னப்பயபுள்ளைக எல்லாம் என்னயக் கண்டா, முங்கு முங்குன்னு பாடுதுக."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க பஸ் ஸ்டாண்டுல ரொம்ப அழுதீங்கன்னு அவர் சொன்னாராம். அதுலேருந்துதான் எல்லாம் வந்தது" என்றேன்.

"அழுதேன்னா? அவுகளா சொன்னாக?"

"நான் சிரிச்சேம்மா" என்றாள்.

வெளிநாடு போகிறோமே என்று ராக்கப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக பூட்ஸ் வாங்கியிருக்கிறார். கடைக்காரர் முனையில் காகிதத்தைத் திணித்துக் கொடுத்திருக்கிறார். அதை எடுக்கச் சொல்லி மீனாம்பாள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாளாம். "உனக்கு என்ன தெரியும், அது மெத்தை" என்று ராக்கப்பன் அப்படியே மாட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் நொண்டி நொண்டி நடந்து, ஏதோ துரை மாதிரி எல்லோருக்கும் கை காட்டியிருக்கிறார். கூடப் போகிறவர்களின் பெண்டாட்டிமார் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். கோபத்தில் அவர் திரும்பிப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டார். மூன்று வருஷமாக இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"சிரிக்காம இருந்தா அழுதிருப்பேம்மா. நான் அழுதா அவுக பஸ்சு ஏறியிருக்க மாட்டாக. அவுக மனசு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"பாட்டை மாத்தச் சொல்றேன். ஆனா யாராவது சாகாம அந்தப் பாட்டு பாட்டாகாதாம்" என்றேன்.

"அப்ப அவுகளச் சாகச் சொல்லுங்க." உடனே பதறினாள். "வேணாம் வேணாம், பாவம். அந்தப் பூட்ஸச் சாகடிங்க."

போனை வைத்துவிட்டுக் கதையைச் சொன்னேன். ராக்கப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவள் ஏன் சிரித்தாள் என்று சொன்னபோது சட்டென்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டு வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியபோது உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த பூட்ஸ் இப்ப எங்க?" என்று இவர் கேட்டார்.

"செத்துப்போச்சு சார். வந்த மாசமே காங்கிரீட் போடுறப்ப இடது கால் மாட்டிக்கிச்சு. காலை உருவிட்டேன், பூட்ஸ் உள்ள போயிருச்சு. யல்லா யல்லான்னு அவசரப்படுத்தி மேல ஊத்திட்டாக."

"எந்தத் தூண்?" இன்ஜினியர் வெளியே வந்துவிட்டார்.

"தூணு இல்ல சார், காம்பவுண்டுச் சுவத்து அடியில. அதுவும் நான் முன்ன இருந்த பழைய கம்பெனி வேல."

இவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அப்புறம்தான் அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. நிஜமான சாவு, நிஜமான புதைகுழி! பாஞ்சோவை எடுத்து மடியில் வைத்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அதே கேம்ப், அதே கூட்டம். இந்த முறை கதையைச் சொல்லும் மரியாதை ராக்கப்பனுக்கு. என் மொபைலில் மீனாம்பாளைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மைக் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

ராக்கப்பன் மைக்கைப் பிடித்தார். "என் பொண்டாட்டி அழுதான்னு நான் சொன்னது பொய்யி" என்றார். "அவ சிரிச்சா. என்னயப் பாத்துத்தான் சிரிச்சா. அவ சிரிச்சதாலதான் நான் பஸ் ஏறுனேன். இல்லன்னா இங்க வந்துருக்கவே மாட்டேன்." மைக்கை இவர் பக்கம் நகர்த்தினார். பாஞ்சோ சடசடவென்று கிளம்பியது.

*புதுப்பூட்சு மாட்டிக்கிட்டு பஸ்ஸு ஏறப் போனாரு*
*காகிதத்த எடுக்காம கால நொண்டிப் போனாரு*
*ஊருசனம் அழுகையில ஒருத்தி மட்டும் சிரிச்சாளே*
*ஒத்தச்சொட்டு கண்ணீரயும் உள்ளுக்குள்ள மறைச்சாளே*

இரண்டாவது சரணத்தில் அவள் செங்கல் சுமந்தாள், ரூம் கட்டினாள். மூன்றாவதில் பூட்ஸ் காங்கிரீட்டில் இறங்கியது, திரும்பி வரவில்லை. கேம்ப் ஆடிய ஆட்டத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. பாட்டு முடிந்து கை தட்டல் அடங்கும்வரை ராக்கப்பன் அந்த மொபைலையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து சத்தம் வரவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்க்கப் போனேன்.

"ஏங்க" என்றது ஸ்பீக்கர்.

ஆடியவர்கள் எல்லாம் மைக்கைச் சுற்றி நெருங்கினார்கள்.

"சொல்லு மீனாம்பா" என்றார் ராக்கப்பன்.

"அந்தக் காகிதத்த எங்க வச்சுத்தான் எடுத்தீக?"

ராக்கப்பன் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் உண்மையைச் சொன்னார்.

"சார்ஜா வந்து நாலாம் நாளு."

முதலில் சிரித்தது அவள்தான். மைக் வழியாக அந்தச் சிரிப்பு கேம்ப் முழுக்கப் போனது, பின்னாலேயே எல்லோரும் சிரித்தார்கள். ராக்கப்பன் மொபைலைக் காதோடு அழுத்திக்கொண்டு, தானும் சிரித்தபடியே, எங்களையெல்லாம் விட்டுவிட்டுப் பேசுவதற்காக ரூமுக்கு நடந்தார். அது என்னுடைய மொபைல் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.