மிச்சமிருந்த காது

1

பக்குவம் என்றால் என்ன என்று உத்திரமேரூர் வாசகர் வட்டத்தில் படிக்க ஒரு கட்டுரை கேட்டார்கள். இக்கதை அதன் இடிபாடு. ‘பக்குவம் என்பது சினத்தை அடக்குதல்’ என்று தொடங்கினேன். அப்படியானால் மூடிவைத்த பானையும்கூட— (உவமை வேண்டாம்.) கட்டுரையைக் கைவிட்டு மோகனைப் படைத்தேன்.

2

மோகன் மாகறலில் நெல் பயிரிடுபவன். தங்கை வளர்மதியின் மகளுக்குப் பழையசீவரத்தில் காதுகுத்து. குழந்தையை மடியில் இருத்திக்கொள்ளும் உரிமை தாய்மாமனுடையது. சீர்த்தட்டுகளோடு அவன் வந்த வேன் வாலாஜாபாத்தில் பஞ்சர். (கைப்பேசி இல்லையா என்பீர்கள். மேள ஓசையில் யாருக்கும் கேட்கவில்லை. இதைவிட நல்ல காரணம் கிடைத்தால் மாற்றிவிடுகிறேன்.) நல்ல நேரம் முடியப்போகிறது என்று, வளர்மதியின் கணவனுடைய அண்ணன் வேதாசலத்தின் மடியில் குழந்தையை வைத்தார்கள். மோகன் நுழைந்தபோது ஒரு காது குத்தியாகிவிட்டது.

3

முதல் வரைவில் அவன் தட்டை எறிந்துவிட்டு வெளியேறினான். அதை ஏக்கத்தோடுதான் எழுதினேன். என் இளமையில், மாமன் கோபித்துக்கொண்டு போகாத விசேஷமே கிடையாது. பந்தி நின்றுவிடும். நாலு பேர் பேருந்து நிறுத்தம்வரை ஓடுவார்கள். இழுத்துவரப்படும் மாமனின் முகத்தில் மறைக்கத் தெரியாத மகிழ்ச்சி இருக்கும். இன்று யாரும் ஓடுவதில்லை, வாட்ஸப்பில் வருந்துகிறார்கள். பெற்றோர் இல்லாத வளர்மதிக்குப் பிறந்த வீடு என்பது மோகன் மட்டுமே. அவன் போய்விட்டால்—

(முடிக்க மனமில்லை. வரைவைக் கிழித்தேன்.)

4

“இன்னா மச்சான், நடந்தே வந்தியா? நல்ல நேரம் உனக்கோசரம் காத்துக்கினு இருக்குமா?” என்றான் வேதாசலம்.

“ண்ணா, நான் சொல்லிக்கினேதான் இருந்தேன்...” என்றாள் வளர்மதி.

மோகன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“இன்னொரு காது கீதுல்ல? இப்டி குடு.”

வேதாசலம் எழுந்து இடம்விட்டான்.

“கெட்டியா புட்ச்சிக்கோ. பாப்பா இப்ப உஷாராயிடுச்சி,” என்றார் ஆசாரி.

5

இங்கே நிறுத்தியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் இரண்டாவது காதும் குத்தியானதும், மோகன் வேதாசலத்தின் பக்கம் திரும்பாமலே குழந்தையை வளர்மதியிடம் நீட்டியதை நான் பார்த்துவிட்டேன்.

பந்தியில் இலை போட்டாயிற்று. வேதாசலத்துக்குப் பக்கத்து இடம் காலி. சாப்பிடாமல் போனால் உறவு முறிந்தது என்று பொருள். மோகன் கை கழுவப் போயிருக்கிறான். வேன் வாசலில் நிற்கிறது. அவன் வந்து உட்காரலாம். அம்முடிவு மிக எளிதில் வருவதால் எனக்கு அதன்மேல் ஐயம். வேனில் ஏறலாம்; ஒரு நாளில் ஒருவனிடம் ஒரு காது அளவுக்குத்தான் பக்குவம் இருக்கும் என்றால், அதில் பிழை காண எனக்குத் தகுதியில்லை.

நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள், சற்று விரைவாக. வளர்மதி சாம்பார் வாளியைக் கீழே வைக்காமல், அந்தக் காலி இலைக்கு எதிரே நிற்கிறாள்.