குழாயிலிருந்து மூன்றாவது

ரயிலை விட்டு இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியும் கையுமாக நேரே தோட்டத்துக்கு வந்துவிட்டாள் அக்கா. மணி பத்து. பன்னிரண்டுக்கு நகராட்சி அதிகாரி வருகிறார். அவளுடைய துண்டு நிலத்தில் பாதியாவது களை நீங்கிச் சுத்தமாக இல்லாவிட்டால் அதைப் பிடுங்கி, வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கடிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது, அதுவும் தடித்த எழுத்தில்.

ரயில் பாதைக்குப் பின்னால் நகராட்சி காய்கறி போட்டுக்கொள்ளப் பிரித்துவிட்டிருக்கும் நாற்பது துண்டு நிலங்களில் ஒன்று அவளுடையது. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கியது. நாள் முழுக்கச் சலவைக் கடையில் ஊரார் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே மகன், மருமகள், இரண்டு வாண்டுகள். எல்லாரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் கூடத்தில் இவள் படுக்கையை விரிக்க முடியும். அவளுக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூட அந்த வீட்டில் கிடையாது. இந்தப் பத்தடிக்கு முப்பதடியில்தான் அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் நிற்பாள், உட்காருவாள், தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். இதுவும் போனால் அவளுக்கு வேறு ஒன்றுமில்லை. மிகைப்படுத்திச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம்.

மகளின் பிரசவம் சிக்கலாகி, போன இடத்தில் நாலு மாதம் ஓடிவிட்டது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்த கோடையில் களைக்குக் கேட்கவா வேண்டும்! கடிதம் வந்த அன்றே தம்பிக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள்: "சனிக்கிழமை விடியக்காலையிலயே போய் வெட்ட ஆரம்பிச்சுடுடா. தண்ணிக் குழாயிலேருந்து மூணாவது." தம்பி பஸ் ஓட்டுகிறவன். மண்வெட்டிக்குத் தலை எது, வால் எது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அக்கா பேச்சைத் தட்டமாட்டான்.

தோட்ட வாசலில் ஆள் உயரத்துக்குப் பச்சைக் குப்பை குவிந்து கிடந்தது. பதினொன்றரைக்கு வரும் குப்பை லாரிக்கானது. பரவாயில்லையே, பயல் பின்னிவிட்டான் என்று பூரித்துப்போய் அவள் எட்டி நடந்தாள்.

"வா வா! எப்படி இருக்கு?" என்றான் தம்பி. மொட்டையடித்த மாதிரி கிடந்த மண்ணின் நடுவில், கல்யாண மாப்பிள்ளை தோரணையில் நின்றுகொண்டிருந்தான். "முழுசும் முடிச்சாச்சு! பாதி போதும்னு சொன்ன, நான் யாரு?"

அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு இந்தப் பக்கம், இடுப்புக்கு மேல் கொடியும் புல்லும் பின்னிக்கிடந்த அடுத்த துண்டைப் பார்த்தாள். அந்தப் புதருக்குள் அவளுடைய நீல டிரம்மின் விளிம்பு தெரிந்தது.

"அடப்பாவி! என்னடா பண்ணி வச்சிருக்க? இது என்னுது இல்லடா!"

"என்னக்கா விளையாடற? குழாயிலேருந்து மூணாவதுன்னுதானே சொன்ன? எண்ணிப் பாரு!"

எண்ணினாள். மூன்றாவதுதான். ஆனால் குழாய்தான் பழைய இடத்தில் இல்லை. வரிசையின் தலைமாட்டில் இருந்ததைப் பெயர்த்து, ஒரு துண்டு தள்ளி நட்டிருந்தார்கள். இவள் இல்லாத நாலு மாதத்தில் எந்தப் புண்ணியவானுக்கு அந்த யோசனை வந்ததோ! தம்பி வழித்துப் போட்டது பக்கத்துத் துண்டுக்காரருடையது.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் கீரைக்காரர். சிவப்புத் தண்டுக் கீரை ஒன்றை வருஷா வருஷம் விதைக்கு விட்டு, அந்த விதையிலிருந்தே மறுபடி வளர்ப்பார். விதைக்கு விட்ட கீரை மார்பளவு ஏறி, கதிர் தள்ளி, தெரியாதவன் கண்ணுக்கு அசல் களையாகத்தான் தெரியும்.

"வாசல்லதான கிடக்கு," என்றான் தம்பி, அது களையில்லை என்று அக்கா சொன்னதும் குரல் இறங்கிப்போய். "எடுத்துட்டு வந்துடவா?"

எடுக்கலாம். கதிர் முற்றிய நேரம், உலர்த்தினால் விதை தேறும் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குவியலைக் கிளறிக் கதிர் கதிராகப் பொறுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். பிறகு இவள் துண்டை யார் வெட்டுவது?

"முதல்ல இத வெட்டு," என்றாள். "லாரி வர இன்னும் நேரம் இருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்."

இருவரும் இறங்கினார்கள். கொடி அரிவாளைச் சுற்றியது, புல் விரலை அறுத்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

சொல்லிவைத்த மாதிரி பதினோரு மணிக்குக் கீரைக்காரர் வந்தார். தன் துண்டின் ஓரத்தில் வந்து நின்றவர் நின்றபடியே நின்றார். கையிலிருந்த வாளியைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அக்கா நிமிர்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே பேசினார்.

"வெட்டிட்டாங்க பாத்தீங்களா? களையா கிடக்குன்னு எனக்கும் ரெண்டு தடவ நோட்டீஸ் வந்துச்சு. விதைக்கு விட்டிருக்கேன்னு எழுதிக் குடுத்தேன். நல்ல வார்த்த சொன்னா எவன் கேக்கறான்?"

அக்கா வாயை மூடிக்கொண்டாள். தம்பி அவளைப் பார்த்தான். அவள் தலையை லேசாக, லேசாகத்தான், ஆட்டினாள். வேண்டாம்.

அவர் இவள் துண்டைப் பார்த்தார், புதரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களுக்கும் இன்னைக்குத்தானா? நாசமாப் போறவனுங்க. தள்ளுங்கம்மா. என்னுதுதான் போச்சு. உங்களுதாவது நிக்கட்டும்." சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தம்பி கீழே வைத்திருந்த அரிவாளை எடுத்துக் குனிந்துவிட்டார்.

மனுஷன் வேலையென்றால் வேலை! அவர் வெட்ட, தம்பி வாரிக் கொட்ட, அக்கா கிழங்கு கிழங்காக வேரைத் தோண்டினாள். இந்த வேகத்தில் போனால் பாதி முடிந்துவிடும். இப்போது சொன்னால் அவர் அரிவாளைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். ஓட வேண்டியதுதான் நியாயம். பாதி முடிந்ததும் சொல்லிவிடலாம். இந்த ஓரம் முடிந்ததும். இந்த மூலை மட்டும்.

"போன வருஷ விதைல ஈரம் பட்டு பூஞ்சை புடிச்சிடுச்சு," என்றார் அவர், நிமிராமலே. "இதுதான் மிச்சம் இருந்துச்சு. பதினோரு வருஷம். சரி விடுங்க, பேசி என்ன ஆகப்போகுது?"

அக்காவுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. அப்போதுதான் வாசலில் லாரியின் ஹாரன் அடித்தது.

தம்பி கையிலிருந்த புல்லைக் கீழே போட்டான். "அக்கா," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இரண்டு ஆட்கள் நீளமான இரும்புக் கவையால் குத்திக் குத்திக் குப்பையை மேலே வீசுவது இங்கிருந்தே தெரிந்தது. பச்சைக்கு நடுவே சிவப்புக் கதிர்கள் தெரிந்தன. கீரைக்காரரின் முதுகு வாசல் பக்கம் இருந்தது. ஒரு சத்தம் போட்டால் போதும். அக்கா போடவில்லை. மண்ணைப் பார்த்துக் குனிந்து தோண்டிக்கொண்டே இருந்தாள். லாரி கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பி, திருப்பத்தில் கியர் மாற்றி, சத்தம் தேய்ந்து போகும்வரை தோண்டினாள்.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் அதிகாரி வந்தார். ஓரத்தில் நடந்து அளந்து பார்த்தார். "பாதிக்கு மேலயே இருக்கு. நல்லது," என்று தாளில் ஏதோ எழுதிக் கிழித்து நீட்டினார். தோட்டம் அவளுடையதுதான். கை நீட்டி வாங்கினாள். சந்தோஷம் வரவில்லை. வரும் வரும் என்று ஒரு கணம் காத்துப் பார்த்தாள், வரவேயில்லை.

"என்னுத ஏன் வெட்டினீங்க?" என்று கேட்டார் கீரைக்காரர்.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். "நாங்க எதையும் வெட்டறதில்ல சார். பாப்போம், எழுதுவோம், அவ்வளவுதான். உங்களுது விதைப்பயிர்னு விட்டுடச் சொல்லிக் குறிப்பே இருக்கு, பாருங்க." தாளைக் காட்டிவிட்டு அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

தம்பியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சார், நான்தான் சார். காலையில வந்து… குழாய் இடம் மாறினது எனக்குத் தெரியாது. அக்கா துண்டுன்னு நினைச்சு…" அழுதுவிடுவான் போலிருந்தது.

கீரைக்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று அக்கா எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவர் கத்தவில்லை.

"தெரியாம பண்ணினதுக்கு என்னப்பா பண்றது," என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். தம்பி மறுத்துப் பேசியிருக்கமாட்டான். அவர் நம்பியும் இருப்பார். அக்கா சீட்டைக் கைக்குள் மடித்துப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வந்ததுமே தெரியும் சார்," என்றாள். "லாரி வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி."