துரைராசு சொன்ன ஏழு பேர்

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. அப்பாவின் கருமாதியன்று விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர்கள் அவர் படத்துக்கு மாலை போட்டு, "யாரையும் காட்டிக்கொடுக்காத தலைவர்" என்று பேசினார்கள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதையில் அப்பாவுக்குத் துரைராசு என்று பெயர்.

2

முதல் தொடக்கம்: 'போலீஸ் அடித்த அடி தாங்காமல் துரைராசு'

(இது வேண்டாம். அவரை யாரும் தொடக்கூட இல்லை.)

நடந்தது இது. ஆட்சி மாறிய மறுவருஷம், கீழ்வேளூர்ப் பக்கத்தில் எங்கள் தெரு ஆட்கள் அறுவடைக் கூலியை உயர்த்தச் சொல்லி அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். கூடவே வந்த ரிசர்வ் போலீஸ் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டது. வாய்க்காலுக்குப் போகவும் அவர்களைக் கேட்க வேண்டும். எங்களுக்கு அது யுத்தம்தான், ஊர் பிடிபட்டிருந்தது.

சங்கத் தலைவர் துரைராசுவைக் கூப்பிட்டனுப்பிய இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க லீடர். முன்ன நிக்கிற ஆளுங்க பேரை மட்டும் சொல்லுங்க. தெருவுக்குள்ள ஒருத்தனும் கால் வைக்க மாட்டான்."

எங்கள் தெரு ஆளை அதுவரை எந்த அதிகாரியும் உட்காரச் சொன்னதில்லை. அவர் உட்கார்ந்தார். டீ வந்தது. ஏழு பேரைச் சொன்னார்.

(தெருவைக் காப்பாற்றச் சொன்னார் என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் படுக்கையில் கிடந்த கடைசி மாதம் அவரே என்னிடம் சொன்னார்: "அந்த நாற்காலி நல்லாருந்துச்சு பாப்பா.")

3

மறுநாள் காலையில் போலீஸ் தெருவுக்குள் புகுந்து ஏழு பேரையும் இழுத்துப்போனது. ஆறு பேர் திரும்பினார்கள். பக்கிரி பிணமாக வந்தார். வேலைநிறுத்தம் உடைந்தது, பழைய கூலிக்கே அறுத்தார்கள். பக்கிரியின் பாடைக்குத் துரைராசு முன்னால் நின்று தோள் கொடுத்தார்.

4

போன வாரம் பக்கிரியின் மனைவி காளியம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்பலேருந்து அத்தை?"

"பாடையத் தூக்குனப்பவே. என் மூஞ்சியப் பாக்கல உங்கப்பா."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த ஆறு பேரும் உங்கப்பாவ வெட்டிப் போட்டிருப்பாங்க. உங்கம்மா உன்னைய வயித்துல வச்சிருந்தா."

முறத்தைத் தட்டி உமியை ஊதிவிட்டு, "இதெல்லாம் எழுதப்போறியா?" என்றார்.

"ஆமா அத்தை."

"உங்கப்பா பேரைப் போடுவியா?"

5

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்தேன் என்பது ஒரு முடிவு. "போடுவேன்" என்று சொன்னதாக இன்னொன்று எழுதிக் கிழித்தேன்.

அந்த வருஷம் சங்கத் தலைவர் யாரென்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டுவந்து, துரைராசு என்றிருக்கும் இடங்களில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் அந்தப் பேரை எழுதக் கை வரவில்லை.