கூடுவாஞ்சேரிக்குத் தெற்கே

வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்ல வந்த சூளைமேட்டு வீட்டுக்காரருக்கு இவாஞ்சலின் காபி கொடுத்தாள். அவர் நிதானமாகக் குடித்தார். ரொம்ப வருத்தப்பட்டுக்கொண்டே ஒரேயடியாக ஒன்றரை மடங்கு ஏற்றிவிட்டுப் போனார். டம்ளரைக் கழுவும்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. சர்க்கரை வேறு ஒரு கரண்டி கூடப் போட்டிருந்தாள்.

வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, இரண்டுக்கும் நடுவில் ஒரு பீரோ. பீரோவைத் திறக்க வேண்டுமானால் மகள் கிரேஸ்லின் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும். புருஷன் ஆஸ்டின் லிஃப்ட் மெக்கானிக். நாலு பேர் ஏறுகிற லிஃப்டில்கூட நம்ம வீட்டைவிட நல்லாக் காற்று வருகிறது என்பான். அந்தக் கூட்டுக்குத்தான் ஒன்றரை மடங்கு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்த கையோடு மூவரும் மின்சார ரயிலேறி வீடு தேடினார்கள். தாம்பரத்தில் கட்டுப்படியாகவில்லை. ஊரப்பாக்கத்தில் இவர்கள் கொடுக்க முடிந்த வாடகையைக் கேட்டுத் தரகர் சிரித்தார். கூடுவாஞ்சேரியில் ஒரு வீடு பிடித்துப்போனது. வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லித் தெருமுனை திரும்புவதற்குள் வேறு யாரோ முன்பணம் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது மறைமலைநகர். அதற்கும் அடுத்த வாரம் செங்கல்பட்டு. அங்கேயும் ஒன்றும் அமையாமல் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோது இவாஞ்சலினுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இப்படியே வாராவாரம் தெக்க தெக்கப் போனா தீவாளிக்குள்ள ராஜபாளையம் வந்துரும்."

கோபமாகத்தான் சொன்னாள். ஆஸ்டினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலை புரையேறி, கண்ணில் நீர் வந்து, எதிர்ப் பெஞ்சுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டும் அளவுக்குச் சிரித்தான். அவனைப் பார்த்து அவள் சிரித்தாள். இரண்டு பேரையும் பார்த்து கிரேஸ்லின் சிரித்தாள். பிறகு மூன்று பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

ஆஸ்டின் பிறந்தது ராஜபாளையம். அவளுக்கு அதை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வன்னியம்பட்டி. மதுரைக்குத் தெற்கே லிஃப்ட் நின்றுபோனால் ஓட ஆளில்லை என்று கம்பெனி மேனேஜர் ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். ஆஸ்டின் பெஞ்சில் இருந்தபடியே அவருக்குப் போன் போட்டான். அவன் மாற்றல் கேட்டு முடிப்பதற்குள் அவர் சரி என்று சொல்லிவிட்டார். அவ்வளவு சுளுவாக நடந்ததுதான் பயமாக இருந்தது. மீதிக் கடலையை மூவரும் தின்று முடித்தார்கள்.

பள்ளிக்கூட லீவில் கிளம்பினார்கள். சாமான்களை முதல் நாளே லாரியில் ஏற்றியாயிற்று. தனி லாரிக்கு வசதியில்லை. அதே பக்கம் போகிற இன்னொரு குடும்பத்தின் சாமான்களோடு சேர்த்து, நடுவில் பலகை தடுத்து அனுப்பித் தருவதாக லாரித் தரகர் சொல்லியிருந்தார். இவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலம் ராஜபாளையத்தில் இறங்கினார்கள். மேற்கே மலை நீலமாக நின்றது. மில்லுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். போனிலேயே பேசி முடித்திருந்த வீட்டின் சாவியைக் கொடுக்க வந்த வீட்டுக்கார அம்மாள் "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்றுவிட்டு, உடனே தமிழுக்கு மாறி, வீடு கொஞ்சம் சின்னதுதான் என்று சங்கடப்பட்டாள்.

சின்னதாம். முன்னால் ஒரு கூடம், மூன்று அறை, தனிச் சமையல்கட்டு, பின்னால் கிணறு, ஒரு முருங்கை மரம். வீட்டுக்கார அம்மாள் தெருவைத் தாண்டும்வரை மூவரும் மரியாதையாக நின்றார்கள். அதற்குப் பிறகு கிரேஸ்லின் வாசலிலிருந்து கிணற்றடிவரை ஓடினாள். திரும்ப ஓடிவந்தாள். ஆஸ்டினும் ஓடினான். இவாஞ்சலின் கூடத்தின் நடுவில் கைகளை இரு பக்கமும் விரித்து ஒரு சுற்று சுற்றினாள். எதிலும் இடிக்கவில்லை. நம்பிக்கையில்லாமல் இன்னொரு சுற்று சுற்றினாள். தலை கிறுகிறுத்துத் தரையில் உட்கார்ந்து, சூளைமேட்டில் கீழ்வீட்டுக்காரர்களுக்குப் பயந்து முணுமுணுத்தே பழகிப்போன கீர்த்தனையைத் தொண்டை திறந்து பாடினாள். வெற்றுச் சுவர்கள் அதைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தன.

லாரி பத்து மணிவாக்கில் வந்தது. டிரைவருக்கு அவசரம். திமுதிமுவென்று இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆஸ்டின் முதல் மூட்டையை அவிழ்த்தான். உள்ளே ஒரு கல்யாணப் போட்டோ. மாப்பிள்ளை அவன் இல்லை, பெண்ணும் இவாஞ்சலின் இல்லை.

எல்லாமே வேறு யாருடையதோ. முந்தின நிறுத்தத்தில் சாமான்களை மாற்றி இறக்கியிருக்கிறார்கள். தரகருக்குப் போன் போட்டார்கள். அவர் அலறியடித்து, மற்றக் குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது, மதியத்துக்குள் மாற்றித் தருகிறேன், எதையும் தொடாமல் வைத்திருங்கள் என்றார்.

தொடாமல்தான் இருந்தார்கள். ஆனால் சாக்கில் சுற்றிய நீளமான ஒரு சாமான் சுவரில் சாய்ந்து நின்றது. கிரேஸ்லின் சாக்கை லேசாக விலக்கினாள். தேக்குப் பலகை. கூடவே பித்தளைச் சங்கிலி. கூடத்து உத்தரத்தில் இரண்டு இரும்பு வளையங்கள் இருந்தன. மூவரும் பலகையைப் பார்த்தார்கள், வளையத்தைப் பார்த்தார்கள். அடுத்தவங்க பொருள், கூடாது என்றாள் இவாஞ்சலின். சங்கிலி நீளம் சரியாக வருமா என்று பார்க்கத்தான் என்றான் ஆஸ்டின். லிஃப்டையே தொங்கவிடுகிறவனுக்கு ஊஞ்சல் எம்மாத்திரம்?

கிரேஸ்லின் ஆடினாள். ஆஸ்டின் ஆடினான். ஒரே ஒரு தரம் என்று இவாஞ்சலின் உட்கார்ந்தாள். காலால் உந்தினாள். சேலை முந்தானை பறந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் என்று அவள் கத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் அவளுடைய பீரோ. முன்னாலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இறங்கி உள்ளே வந்தார்கள். கல்யாணப் போட்டோவில் இருந்தவர்கள்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தார்கள்.

இவாஞ்சலினுக்கு உயிரே போய்விட்டது. காலை ஊன்றி நிறுத்தப் பார்த்தாள். ஊஞ்சல் நிற்கவில்லை.

"எறங்காதீங்க," என்றாள் வந்தவள். "செத்த நேரம் ஆடுங்க, நான் பாக்கணும்."

அவள் பெயர் நாச்சியார். கல்யாணத்துக்கு அவள் அப்பா செய்துகொடுத்த ஊஞ்சலாம். சென்னைக்குக் கொண்டுபோன நாளிலிருந்து கட்டிலுக்கு அடியில் சாக்குக்குள்ளேயே கிடந்ததாம். மாட்ட இடம் ஏது? ஒரு தடவைகூட அது ஆடி அவள் பார்த்ததில்லை. சொல்லிக்கொண்டே கிட்ட வந்தவள் இவாஞ்சலின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க சூளைமேட்டுல பச்சைக் கேட்டு வீடுதான? தண்ணி லாரி வந்த அன்னைக்கு என் கொடத்த எத்தித் தள்ளுனது நீங்கதான?"

இவாஞ்சலினுக்கும் அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. இந்த மூக்குத்திதான், இந்தக் குரல்தான். பின்தெரு. அன்றைக்கு இரண்டு பேரும் சென்னைப் பேச்சில் கிழித்துக்கொண்டதைத் தெருவே நின்று பார்த்தது.

"நான் எத்தல, கால் பட்டுருச்சு," என்றாள் ஊஞ்சலில் இருந்தபடியே. "நீங்க ஸ்ரீவில்லிபுத்தூருன்னு தெரிஞ்சிருந்தா சண்டையே போட்டிருக்க மாட்டேன்."

"அம்புட்டு நாளும் பின்தெருவுலயா கெடந்தோம்?" என்று நாச்சியார் சிரிக்க ஆரம்பித்தாள். அவர்கள் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப்போகிறார்களாம். அவர்களும் பல்லாவரம், வண்டலூர் என்று தேடித் தேடி இறங்கி வந்தவர்கள்தான். நாச்சியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் மாரீஸ்வரன் ஒரு பக்கமும் ஆஸ்டின் ஒரு பக்கமுமாகத் தள்ளிவிட்டார்கள். உத்தரம் கிரீச்சிட்டது. இரண்டு பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

சாமான்களை மாற்றி ஏற்றும்போது, தன் மாமியார் கொடுத்த, இயேசு சீடர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இராப்போஜனப் படத்தைக் காணோம் என்று இவாஞ்சலின் தேடினாள். நாச்சியார் தலையில் கை வைத்தாள். அவர்களுடைய பஸ் தாமதமானதால் லாரியை எதிர்கொண்டது மாரீஸ்வரனின் பெரியம்மா பெத்தம்மாள். படத்தை முதல் வேலையாகச் சுவரில் மாட்டிவிட்டாளாம், கழற்ற மறந்து வந்துவிட்டார்கள். ஆகவே எல்லாரும் குட்டியானையில் ஏறினார்கள். டிரைவர் பக்கத்தில் ஆண்கள், பின்னால் மூட்டைகளுக்கு நடுவே பெண்கள். தென்னந்தோப்புக் காற்று முகத்தில் அறைய ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தார்கள்.

படம் நடுக்கூடத்தில், அலமேலுமங்கை காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. அதற்கு ஒரு முழம் பூவும் போட்டிருந்தது. பெத்தம்மாளுக்கு விஷயத்தை விளக்கினார்கள். கழற்ற ஆஸ்டின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். பெத்தம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரும்யா. அவிய எல்லாரும் வரிசையா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ. பாதியில எழுப்பக் கூடாது. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க, பொறவு கழத்திக்கிடலாம்."

ஆஸ்டின் ஸ்டூலை விட்டு இறங்கினான். நாச்சியார் இலை வாங்கிவர ஆள் அனுப்பினாள். இவாஞ்சலின் படத்துக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தாள்.